டயர் லைட் அணைய மாட்டேங்குதா? சென்சாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

காற்று அடித்தால் அணைந்துவிடுகிறது, ஒரு வாரத்தில் திரும்ப எரிகிறது. காரில் இருக்கும் டயர் எச்சரிக்கை லைட்டைத்தான் சொல்கிறேன், அரை வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டிருக்குமே, அது. மதுரையில் ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றாமல், "சென்சார் போயிருச்சு சார், நாலையும் மாத்திருங்க" என்று சொல்லி எஸ்டிமேட்டையும் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. சக்கரத்துக்குள் இருந்து காற்றை அளந்து சொல்லும் சென்சார் செத்தாலோ சிஸ்டத்தில் கோளாறு என்றாலோ, ஸ்டார்ட் செய்ததும் லைட் ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடம் மின்னிவிட்டு அப்புறம்தான் நிலையாக எரியும். பெரும்பாலான வண்டிகளில் அப்படித்தான். மின்னாமல் நேராக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு என்று அர்த்தம். என் வண்டியில் ஒரு தடவைகூட மின்னவில்லை. தவிர, சென்சாருக்குள் இருக்கும் பேட்டரி சாதாரணமாக 5 முதல் 10 வருடம் வரும், என் வண்டிக்கு வயசு மூன்றுதான். நாலும் ஒரே நேரத்தில் எப்படிப் போகும்?

அதனால் முதலில் சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வாங்கினேன். பங்க்கில் காட்டிய அளவுக்கும் இதில் காட்டிய அளவுக்கும் 3 பிஎஸ்ஐ வித்தியாசம் வந்தது. பாதிக்குக் காரணம் சூடு. டயரில் 10 டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும், மதுரை வெயிலில் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, என் வண்டிக்கான 33 பிஎஸ்ஐ வைத்தால் மறுநாள் காலையில் அது 33 இருக்காது. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவு, வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றபின் பார்க்க வேண்டிய அளவு. விடிகாலையில் அளப்பதுதான் சரி.

தினமும் காலையில் நாலையும் அளந்து நோட்டில் எழுதி வைத்தேன். மூன்று டயர் அசையவில்லை. பின்பக்க இடது டயர் மட்டும் தினமும் ஒன்று, ஒன்றேகால் என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஆக லைட் சொன்னது உண்மை. அமெரிக்காவில் காற்று 25 சதவீதம் குறைந்தால் லைட் எரிந்தாக வேண்டும் என்பது விதி; 33-க்கு அது 25-க்குக் கொஞ்சம் கீழே. அந்த நிலையில் டயர் வைத்துக்கொண்டு நான்குவழிச் சாலையில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கக்கூட வாய்ப்பிருக்கிறது. தயவுசெய்து அந்த லைட்டுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு ஓட்டாதீர்கள்.

வீட்டில் சோப்புத் தண்ணி ஊற்றிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பஞ்சர் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் முதலில் விரலில் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்த்தார், அங்கே கசிவு இல்லை. சக்கரத்தைக் கழற்றித் தொட்டியில் போட்டு மெதுவாக உருட்டினார். ஆணி இல்லை, கல் குத்தவில்லை. உள்பக்கம் திரும்பியபோது டயரும் ரிம்மும் சேரும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, கடுகு கடுகாகக் குமிழி ஒவ்வொன்றாக வந்தது. "தம்பி, டயர்ல ஒண்ணுமில்ல, ரிம்லதான் போகுது" என்று சாக்பீஸால் கோடு போட்டார்.

டயரை ரிம்மிலிருந்து பிரித்ததும் அந்த இடத்தில் அலாய் வெள்ளையாகப் பூத்துப்போய், பெயின்ட் உப்பி இருந்தது. "கடற்கரைப் பக்கம் போற வண்டியா?" என்று கேட்டார். ராமேஸ்வரம் அடிக்கடி போவோம், உப்புக்காற்று ரிம்மை அரித்திருக்கிறது. கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டயர் விளிம்பும் ரிம்மும் சேரும் இடத்தை அடைக்கும் பீட் சீலர் பசையைத் தடவி மாட்டிக்கொடுத்தார். ஒர்க் ஷாப் எஸ்டிமேட்டோடு வைத்துப் பார்த்தால் அவர் வாங்கியது ஒன்றுமே இல்லை.

கடையை விட்டு வரும்போதும் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. பயப்பட வேண்டாம். வண்டி நிற்கும்போது சென்சார் தூங்கும், ஓரளவு வேகம் எடுத்தபின்தான் சரியாகத் தகவல் அனுப்பும். கோரிப்பாளையம் நெரிசலில் உருட்டிக்கொண்டிருந்தால் அணைய நேரமாகும். நான் ரிங் ரோட்டில் ஏறி ஒரே சீராகப் போனேன், விரகனூர் வருவதற்குள் அணைந்துவிட்டது. சில வண்டிகளில் சக்கரத்துக்குள் சென்சாரே இருக்காது, பிரேக்குக்கான ஏபிஎஸ் சென்சாரை வைத்து எந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துக் காற்றைக் கணக்குப் போடும். அந்த வகை என்றால் காற்று சரிசெய்தபின் நாமே ரீசெட் கொடுக்க வேண்டும், மேனுவலில் இருக்கும்.

டயரைப் பிரிக்கும் முன் கடைக்காரரிடம் "உள்ளே சென்சார் இருக்குண்ணே, வால்வு பக்கம் லிவர் போடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல சென்சார் உடையும். அலுமினிய வால்வு என்றால் அதற்குள் போடும் வால்வு ஊசி நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும், சாதா பித்தளை ஊசி உள்ளேயே அரித்துப் பிடித்துக்கொள்ளும். இப்போது நாலு டயரும் காலையில் 33-லேயே நிற்கின்றன. மற்ற மூன்று ரிம்மையும் டயர் மாற்றும்போது சுரண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.