நினைவுக்காக உட்கருவை அணுகும் நரம்பணு

கடல்முயல் எனப்படும் அப்ளீசியா ஒரு பெரிய கடல்நத்தை. அதன் நரம்பு மண்டலம் முழுவதிலும் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே உள்ளன. அவற்றுள் சில வெறுங்கண்ணுக்கே புலப்படும் அளவுக்குப் பெரியவை. நினைவு எங்கே, எவ்வாறு நிலைபெறுகிறது என்னும் கேள்விக்கு இந்த எளிய உயிரியிடம் விடை தேடலாம் என்று நரம்பியல் ஆய்வாளர் எரிக் காண்டெல் துணிந்ததையும், அத்துணிவு 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்ததையும் எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கடல்முயலின் வாலில் ஒரு முறை மின்னதிர்ச்சி கொடுத்தால், அதன்பின் அதன் உடலை இலேசாகத் தொட்டாலும் அது செவுளை வேகமாக உள்ளிழுத்துக்கொள்ளும். இந்த எச்சரிக்கை சில நிமிடங்களில் மறைந்துவிடும். அதே அதிர்ச்சியை இடைவெளி விட்டுப் பலமுறை கொடுத்தால் எச்சரிக்கை நாள்கணக்கில் நீடிக்கும். நரம்பணுக்களை உடலிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்த தட்டிலும் இதே வேறுபாட்டைக் காண முடிந்தது. அதிர்ச்சியின்போது வெளிப்படும் செரோடோனின் என்னும் வேதிப்பொருளை ஒரு முறை செலுத்தியபோது நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு சில நிமிடங்களுக்கு வலுப்பெற்றது. ஐந்து முறை விட்டுவிட்டுச் செலுத்தியபோது அந்த வலு ஒரு நாளைக்கு மேல் நின்றது.

ஒரு முறை செலுத்தும்போது நிகழ்வது ஏற்கெனவே இருக்கும் பொருள்களின் சிறு திருத்தமே. சைக்ளிக் ஏஎம்பி என்னும் தூது மூலக்கூறு பெருகி, புரதக் கைனேஸ் ஏ என்னும் நொதியைத் தூண்ட, அந்நொதி பொட்டாசியம் வாயில்கள் போன்ற புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதனால் இணைப்பின் முனையில் வேதித்தூது சற்று மிகுதியாகச் சுரக்கிறது. பாஸ்பேட் அகற்றப்பட்டதும் பழைய நிலை திரும்புகிறது. ஐந்து முறை செலுத்தும்போதோ, அதே நொதி உட்கருவுக்குள்ளேயே சென்று, கிரெப்-1 என்னும் புரதத்தின் வழியாக மரபணுக்களை இயக்குகிறது. அவற்றை அதுவரை அடக்கி வைத்திருந்த கிரெப்-2 விலகுகிறது. புதிய புரதங்கள் உருவாகி, புதிய இணைப்பு முனைகள் முளைக்கின்றன. நீண்டகாலப் பயிற்சி பெற்ற கடல்முயலில் ஓர் உணர்நரம்பணுவின் முனைகள் ஏறத்தாழ 1,300இலிருந்து 2,700 வரை உயர்ந்தன. புரத உற்பத்தியைத் தடுத்தால் குறுகியகால வலுவுக்கு எந்தக் குறையும் வருவதில்லை, நீண்டகால வலு மட்டும் உருவாவதே இல்லை. ஆகவே குறுகியகால நினைவை நீட்டி இழுத்ததே நீண்டகால நினைவு என்று கொள்வது பிழை என்பது என் உறுதியான கருத்து.

என்னை நெடுநாள் உறங்கவிடாத கேள்வி இதற்குப் பிறகுதான் எழுகிறது. ஒரு நரம்பணுவுக்கு உட்கரு ஒன்று, இணைப்புகளோ ஆயிரக்கணக்கானவை. உட்கருவின் ஆணையால் விளைந்த பொருள் நரம்பணுவெங்கும் பரவக்கூடுமென்றால், பயிற்சி பெற்ற இணைப்பு மட்டும் எவ்வாறு வலுப்பெறுகிறது? தூண்டப்பட்ட இணைப்பு தன்மீது ஒரு தற்காலிகக் குறியை இட்டுக்கொள்கிறது என்றும், அக்குறி உள்ள இடமே வந்துசேரும் பொருளைப் பிடித்துப் பயன்படுத்திக்கொள்கிறது என்றும் 1997இல் ஃப்ரே, மாரிஸ் என்னும் ஆய்வாளர் இருவரும் எலி மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியின் துண்டங்களில் காட்டினர். சில மணி நேரத்தில் மறைந்திருக்க வேண்டிய ஒரு மெல்லிய தூண்டல், அதே நரம்பணுக்களில் வேறோர் இணைப்பு வலுவாகத் தூண்டப்பட்டதை ஒட்டி நிகழ்ந்தால், தானும் நிலைத்துவிடுகிறது. தனக்கென்று வராத புரதத்தை அந்த மெல்லிய இணைப்பு தன் குறியால் பற்றிக்கொள்கிறது. பெரிய நிகழ்வு ஒன்றின் அருகே நடந்த அற்ப விவரமும் நம் நினைவில் தங்கிவிடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன். ஆயினும் துண்டத்திலிருந்து மனிதனின் அனுபவத்துக்குத் தாவும்போது எச்சரிக்கை வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இணைப்பைக் கட்டிய புரதங்களே அழிந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்க, வலு மட்டும் எப்படி நிற்கிறது? கடல்முயலின் சிபிஇபி என்னும் புரதம், பிரியான் என்னும் தொற்றுப் புரதத்தைப் போலத் தன் வடிவத்தைத் தன் இனப் புரதங்களுக்கும் கடத்தித் தொடர வல்லது என்ற கருத்தைக் காண்டெலின் ஆய்வகம் 2003இல் முன்வைத்தது. அவ்வாறு தொடரும் சிபிஇபி, இணைப்பு முனையிலேயே உறங்கிக்கிடக்கும், புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்என்ஏக்களைத் தட்டி எழுப்பி, அங்கேயே புரதம் உருவாகச் செய்கிறது. பழைய மூலக்கூறு அழியுமுன் புதியது அந்த வடிவத்தை ஏற்றுக்கொண்டிருக்கும்.