ஆற்காட்டுப் பாலத்தை நடந்தே கடந்தோம்

முதலில் ஆட்டோ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. வாலாஜா ரோடு ஸ்டேஷனில் நானும் அம்மாவும் இறங்கியதும், ஆற்காட்டுக்கு 400 ரூபாய் என்றார் ஒருவர். "ஞாயித்துக்கிழமைம்மா, திரும்ப சவாரி கிடைக்காது." சென்னையிலிருந்து நாங்கள் வந்த ரயில் டிக்கெட் இரண்டு பேருக்கும் சேர்த்தே அதில் பாதி ஆகவில்லை! அம்மா பேரம்கூடப் பேசவில்லை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். கொஞ்சம் தள்ளி வந்து நின்றதும் டவுன் பஸ் கிடைத்தது. பெண்களுக்குக் கட்டணமில்லை. ராணிப்பேட்டை முத்துக்கடை வரை ஒரு பைசா செலவில்லாமல் போய் இறங்கினோம்.

அந்தக் கோபத்தில் ஸ்டேஷனைச் சரியாகப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை முடிந்தது இங்கேதான்.

சரி, பாலத்துக்கு வருகிறேன். முத்துக்கடையிலிருந்து ஆற்காட்டுக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினால் பாலாறு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதனால் நடந்தோம். லாரி கடக்கும்போதெல்லாம் கைப்பிடிச் சுவரில் வைத்த உள்ளங்கைக்கு அதிர்வு வந்தது. பாலத்தின் இணைப்பு இடுக்கில் சக்கரம் ஏறி இறங்கும் 'தடக்' சத்தம் முதலில் காதுக்கு, அடுத்த நொடி காலுக்கு. கீழே ஒரே மணல், நாணல், சீமைக் கருவேலம். நடுவில் வேட்டி அகலத்துக்கு ஒரு நீரோட்டம், அதில் நாலைந்து கொக்குகள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். "இதுல என்னம்மா பாக்கறீங்க? மேல மணலு, கீழ தண்ணி. அதான் பாலாறு." 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனபோது இதே பாலத்தில் நின்று பார்த்ததாகச் சொன்னார். சொல்லும்போதே கையை அகல விரித்துக் காட்டினார். நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு இது. அதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில்தான். ஆனால் பெரிய மழை பெய்தால்தான் அது ஆறாகிறது.

அந்த மணலிலும் கோழிக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஓரிடத்தைக் கடந்தோம். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவும் குரோமியமும் நிலத்தடி நீரைக் கெடுத்தது போதாதா? உச்ச நீதிமன்றமே 2025 ஜனவரியில் இந்த ஆற்றின் மாசு பற்றிக் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் மூட்டை வந்து விழுகிறது. வயிறு எரிந்தது.

பாலத்தின் நடுவில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. செஞ்சி தேசிங்கு ராஜா 1714இல் போரில் வீழ்ந்தது ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையிடம். உடன்கட்டை ஏறிய அவன் இளம் மனைவியின் நினைவாக அதே நவாப் எதிர்க்கரையில் உண்டாக்கிய ஊர்தான் ராணிப்பேட்டை என்கிறார்கள். இந்தக் கரையில் ஜெயித்தவனின் ஊர், அந்தக் கரையில் தோற்றவன் மனைவியின் ஊர். நடுவில் நாங்கள். அம்மாவிடம் சொன்னேன். "பாவம், சின்னப் பொண்ணு" என்று மட்டும் சொன்னாள், கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

ஆற்காட்டுக் கரையில் தில்லி கேட். ஊரைச் சுற்றியிருந்த மதில் போய்விட்டது, இந்த வாசல் நிற்கிறது. 1751இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் 25 வயது ராபர்ட் கிளைவ் 500 பேர் மட்டும் கொண்ட படையோடு ஆற்காட்டைப் பிடித்து, நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப் போட்ட முற்றுகையை 50 நாள் தாக்குப்பிடித்த ஊர் இது. இந்தியாவின் தலையெழுத்தை மாற்றிய சண்டைகளில் ஒன்று. அன்றைக்கு அங்கே எங்களைத் தவிர ஆளே இல்லை. பைபாஸில் வேலூருக்குப் பறக்கிறவர்களில் நூற்றில் ஒருவராவது வண்டியைத் திருப்பக் கூடாதா?

பசிக்குப் பிரியாணி. சீரக சம்பா, கத்திரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி. நன்றாகவே இருந்தது. ஆனால் மக்கன் பேடா! பார்க்க அமுக்கிவிட்ட குலாப் ஜாமூன் மாதிரி இருக்கும். ஸ்பூனை வைத்து அழுத்த வேண்டியதில்லை, அதன் கனத்திலேயே இறங்குகிறது. உள்ளே முந்திரி, திராட்சை, பாதாம். ஜீரா ஊறியும் குழையவில்லை. மிச்சம் பிடித்த ஆட்டோ காசு அப்படியே பேடா டப்பாக்களாக மாறியது.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பேச்சு எங்கேயோ போய்விட்டது. ஒன்று மட்டும்: மழைக்காலம் முடிந்த கையோடு, காலை ஒன்பது மணிக்குள் பாலத்தைக் கடந்துவிடுங்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் மேல் ஒரு பொட்டு நிழல் கிடையாது.