தோட்டத்துக் குட்டையில் மீனுக்குக் கிளைக்கூடு: கீழ்ப்பழனி மலை அனுபவம்

தூத்துக்குடி வான் தீவைச் சுற்றி 2015 முதல் சிமெண்ட் கூடுகளை இறக்கிச் செயற்கைப் பாறைத் திட்டு அமைத்தார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டக் குட்டைகளில் அந்த வேலையைக் காப்பிக் கிளையே செய்துவிடும். மீன் ஒதுங்கும், பாசி பிடிக்கும், சாதாக் கெண்டை முட்டை ஒட்டும்.

மாசி, பங்குனியில் காப்பிச் செடியின் கவாத்து (கிளை வெட்டுதல்) முடிந்ததும் தொடங்குங்கள். குட்டையிலும் அப்போது தண்ணீர் குறைவு. கட்டைவிரல் பருமனுக்கு மேற்பட்ட, நன்றாகக் கவைத்த கிளைகளாகப் பொறுக்கி, ஒரு மாதம் வெயிலில் போட்டு, இலையை முழுக்க உதிர்த்துவிட்டு, கட்டுகளாகக் கட்டிக் குட்டையில் இறக்க வேண்டும். அவசரப்பட்டுப் பச்சை இலையோடு இறக்கினால் இலை அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மேகம் மூடிய நாளுக்கு மறுநாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்படிக் கண்டால் பாதிக் கட்டுகளை உடனே வெளியே இழுத்துவிட்டு, மோட்டார் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டவிடுங்கள். சீகை (வாட்டில் மரம்) கிளை வேண்டவே வேண்டாம். தோல் பதனிட உதவும் அதே துவர்ப்பு சின்னக் குட்டையைக் கறுப்பாக்கிவிடும்.

10 சென்ட் குட்டைக்கு 12 கட்டு போதும். கட்டு ஒன்று சுமார் 20 கிலோ. அடிப்பக்கத்தில் 25 கிலோ கருங்கல். கல் கூடுதலாகத் தோன்றும். ஆனால் தண்ணீருக்குள் கல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கிறது, காய்ந்த மரமோ மேலே தூக்குகிறது. கல்லைக் குறைத்த கட்டு முதல் மழையிலேயே மிதந்து மதகில் போய் அடைத்துக்கொள்ளும். கட்ட நைலான் கயிறுதான். தேங்காய்நார்க் கயிறு நாளடைவில் இற்றுப்போகும். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையானால் கல்லுக்கு அடியில் நாலு மடிப்புச் சாக்கு போடாமல் இறக்காதீர்கள்.

தடித்த முனை கீழே, கவை மேலே, செடி நிற்பதுபோல நிற்கட்டும். கோடையில் தண்ணீர் வற்றினாலும் நுனி தண்ணீர் மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழேயே இருக்க வேண்டும். வெளியே நீட்டினால் மீன்கொத்திக்கு இருக்கை போட்டுக் கொடுத்த கதைதான். எல்லாவற்றையும் ஒரே கரையில் வையுங்கள். மறுகரை வலை இழுக்க. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு காலி கேனை அடையாள மிதவையாகக் கட்டாவிட்டால் வலை கிழிவது நிச்சயம்.

மலைத் தண்ணீர் குளிர்ச்சியானது என்பதால் பாசி படிய ஐந்தாறு வாரம் பிடிக்கும். ஒரு குச்சியை எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள்: வழவழப்பான பழுப்புப் படலம், அதற்குள் நெளியும் சிவப்புப் புழு. கெண்டைக்குஞ்சுக்கு இதுதான் சாப்பாடு. முட்டை ஒட்டியிருந்தால் கடுகளவில் கண்ணாடிபோல் தெரியும். வெள்ளையாக மாறியது செத்த முட்டை.

இவ்வளவும் செய்துவிட்டுக் காப்பிப்பழம் உரித்த கழிவுநீரைக் குட்டைக்குள் விட்டால் ஒரே இரவில் மீன் மிதக்கும். அந்த வாய்க்காலைக் கட்டு இறக்குவதற்கு முன்பே வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.