பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்கு ஓர் ஊட்டச்சத்துப் பயிற்சி: நாட்குறிப்பு

மார்ச் 4

தீவிர சிகிச்சையில் இருக்கும் குறைமாதக் குழந்தைகளின் ஊட்டச்சத்து பற்றிய தொடர்கல்விப் பயிற்சிக்கான வேலையைத் தொடங்கியாயிற்று. மருத்துவர்களுக்குத் தனி வகுப்பு, செவிலியர்களுக்குத் தனி வகுப்பு என்பதுதான் குழுவின் முதல் யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. பால் அளவை எழுதுவது மருத்துவர், கொடுப்பது செவிலியர், ரத்தநாளம் வழியாக ஏற்றும் ஊட்டக் கரைசலைக் கலப்பது மருந்தாளுநர், கணக்குப் பார்ப்பது ஊட்டச்சத்து நிபுணர், பால் எடுத்துத் தருவது அம்மா. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் இடத்தில்தான் பெரும்பாலும் எதாவது விட்டுப்போகிறது. அதனால் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கப் போகிறேன்.

மார்ச் 7

முதல் பாடத்துக்குக் கற்பனையாக ஒரு குழந்தை. எடை 1 கிலோ. ஒரு நாளைக்கு 160 மில்லி தாய்ப்பால், வாந்தி இல்லை, வயிறு உப்பவில்லை. நன்றாகத்தானே போகிறது என்று தோன்றும். அங்கேயே பேனாவைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 67 கிலோகலோரி என்றால் 160 மில்லியில் 107. குழந்தைகளின் குடல்நலம், ஊட்டச்சத்து பற்றிப் பரிந்துரைக்கும் எஸ்பகான் என்ற ஐரோப்பிய அமைப்பின் 2022 பரிந்துரை, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 115 முதல் 140. புரதத்தில் பள்ளம் இன்னும் பெரிது: 100 மில்லிக்கு 1.2 கிராம் என்று வைத்தால் 1.9 கிராம்தான் சேரும், தேவை 3.5 முதல் 4 கிராம். இந்தக் கணக்கைத் தாங்களே போட்டவர்களுக்குப் பாலில் செறிவூட்டி என்ற கூடுதல் சத்தை எதற்குக் கலக்கிறோம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

பாடத்தின் பாதி நேரம் அதற்கு அடுத்த கேள்விக்கு: இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ‘உங்க பால் பத்தலை’ என்று ஒருவர் வாய்தவறிச் சொன்னாலும் போதும், அம்மாவின் மனம் உடைந்து, பால் எடுப்பதே குறைந்துவிடலாம். குறைமாதக் குழந்தைகளின் குடல் திசுவையே அழிக்கக்கூடிய குடல் அழற்சி நோயிலிருந்து இந்தக் குழந்தையைக் காப்பதில் அந்தப் பாலுக்குப் பெரிய பங்கு உண்டு. ‘உங்க பால்தான் இவனுக்கு மருந்து. வேகமா வளர வேண்டிய நேரம், அதனால கூடக் கொஞ்சம் சத்து சேர்க்கிறோம்.’ இதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

மார்ச் 11

குழந்தைக்கு ட்யூப் வழியாகப் பால் ஏற்றும் சிரிஞ்ச் பம்ப் வைத்துச் செய்முறை. பாலை நின்று நிதானமாக ஏற்றும்போது கொழுப்பு மேலே மிதந்து, சிரிஞ்சிலும் ட்யூப்பிலும் ஒட்டிக்கொள்கிறது. பாலின் ஆற்றலில் சுமார் பாதி கொழுப்பில்தான் இருக்கிறது. முடிந்த சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, உள்சுவரில் படிந்த வெள்ளைப் படலத்தை ஒவ்வொருவரும் பார்க்கட்டும். அப்புறம் முனை மேல்நோக்கி இருக்கும்படி சிரிஞ்சைச் சாய்த்து வைத்து, மறுபடி பார்க்கட்டும். ட்யூப்பின் நீளமும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

மார்ச் 12

நாளுக்கு நாள் பாலின் அளவை எவ்வளவு வேகமாகக் கூட்டுவது என்பதில் வாக்குவாதம் வரும், வரட்டும். 2019-இல் வெளியான ‘சிஃப்ட்’ ஆய்வில் கிலோவுக்குத் தினம் 18 மில்லி கூட்டியதையும் 30 மில்லி கூட்டியதையும் ஒப்பிட்டார்கள். வேகமாகக் கூட்டியதால் குடல் அழற்சி அதிகரிக்கவில்லை.

மார்ச் 19

இரவுப் பணியாளர்களை எப்போதும் மறந்துவிடுகிறார்கள். பால் எடுக்கும் அம்மா இரவிலும் எழுந்தாக வேண்டும், ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பால் எடுக்க வேண்டுமே. அப்போது பக்கத்தில் இருப்பது இரவுச் செவிலியர்தானே? பணி மாறும் நேரத்தில் பதினைந்து நிமிடப் பாடமாக உடைத்து, அவர்களுக்கும் அதே குழந்தை, அதே கணக்கு.

மார்ச் 24

வருகைப் பதிவும் சான்றிதழும் மட்டும் போதாது என்று குழுவில் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் குழந்தைகளின் குறிப்பேடுகளைப் பார்ப்போம்: முதல் சீம்பால் எத்தனை மணி நேரத்தில் கிடைத்தது, ரத்தநாள ஊட்டம் இல்லாமல் பால் மட்டுமே போதும் என்ற நிலைக்கு வர எத்தனை நாள் ஆனது, எடையும் தலைச் சுற்றளவும் வளர்ச்சி வரைபடத்தில் எப்படி நகர்ந்தன. முதல் கணக்கெடுப்பு அடுத்த வாரம்.