காசிமேட்டு உப்புக்காற்றுக்குத் தாங்கும் ஃப்ளாஷ்: ஆரஞ்சு பையில் மெமரி கார்டு இல்லாமல்

கடலோரத்தில் இரவு பகலாக ஓட வேண்டிய எந்தச் சிறு கணினியையும் மெமரி கார்டை நம்பி விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் பேக்டரியில், உப்புநீர்த் தொட்டியின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்துவைக்க ஆரஞ்சு பை பிசி பலகை ஒன்றை வைத்திருக்கிறோம். பெரிய கம்ப்ரஸர் கிளம்பும்போதெல்லாம் அங்கே வோல்டேஜ் சரியும், மின்வெட்டும் உண்டு. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து மின்சாரம் போனால், எந்தத் தரவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கார்டின் கன்ட்ரோலர் வைத்திருக்கும் அட்டவணையே அரைகுறையாக நின்றுவிடலாம். நாம் தொடாத கோப்புகளும் சேர்ந்து கெடுவது இதனால்தான். போதாக்குறைக்கு, ஸ்லாட்டின் மெல்லிய தகடுகளில் உப்புக்காற்று பச்சைக் களிம்பை ஏற்றிவிடுகிறது. ஆகவே கார்டை அடியோடு எடுத்துவிட்டு, கணினியைத் தொடங்கிவைக்கும் பூட் மென்பொருளையும் பதிவுகளையும் சால்டர் வைத்த ஃப்ளாஷ் சிப் (மின்சாரம் போனாலும் தரவை இழக்காத நினைவகம்) ஒன்றிலேயே வைப்பது என்று முடிவு செய்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஐஸுக்குத் தேவை குறைவு என்பதால் வேலையை அப்போது வைத்துக்கொண்டோம்.

தேர்ந்தெடுத்தது வின்பாண்டின் டபிள்யூ25கியூ128. ‘நார்’ எனும் ஃப்ளாஷ் வகையைச் சேர்ந்த இதன் கொள்ளளவு 128 மெகாபிட், அதாவது 16 எம்பி. மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகும் நண்பர்கள் ‘கொஞ்சம் காசு கூடப் போட்டு 32 எம்பியாக வாங்கினால் என்ன’ என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். மூன்று பைட் முகவரி, அதாவது 24 பிட், சரியாக 16 எம்பி வரைதான் எட்டும். அதைத் தாண்டிய சிப்பை நான்கு பைட் முகவரி முறைக்கு மாற்றிப் பயன்படுத்தும்போது, வாட்ச்டாக் (பலகை உறைந்தால் தானாக அதை மறுதொடக்கம் செய்யும் கண்காணிப்பு) திடீரென்று பலகையை மறுதொடக்கம் செய்தால், மின்சாரம் துண்டிக்கப்படாத சிப் அதே முறையிலேயே நின்றுவிடும், பலகையில் முதலில் ஓடும் நிரலான பூட் ரோமோ மூன்று பைட்டில் கேட்கும், பலகை எழுந்திருக்காது. ஆளில்லாத இடத்தில் வாட்ச்டாக்கை நம்பியிருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இதே வரிசையில் 1.8 வோல்ட் சிப்பும் வருகிறது, பெயரின் கடைசி எழுத்துகளில்தான் வேறுபாடு. நமக்கு வேண்டியது 3.3 வோல்ட்.

சிப்பைச் சிறு பலகையில் வைத்து சால்டர் செய்து கொடுத்தவர், வண்ணாரப்பேட்டையில் செல்போன் பழுதுபார்க்கும் ஒரு தம்பி. எட்டுக் கால்களில் மூன்றாவதையும் ஏழாவதையும் ட்வீசர் முனையால் தொட்டுக் காட்டி, “இந்த ரெண்டு காலையும் சும்மா வுட்டா ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாதுண்ணா” என்றார். முற்றிலும் சரியான பேச்சு. மூன்றாவது, எழுதுவதற்கான பாதுகாப்பு. ஏழாவது தாழ்நிலைக்குப் போனால் சிப் பேச்சை நடுவிலேயே நிறுத்திவிடும். இரண்டையும் 10 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டோடு இணைத்தார். எட்டாவது காலுக்கு அருகிலேயே 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் வைத்தார். ஆரஞ்சு பை பிசியின் 40 முள் வரிசையில் 19, 21, 23, 24 ஆகியவை சிப்போடு பேசுவதற்கான எஸ்பிஐ கம்பிகள். 17 மின்சாரம், 25 கிரவுண்டு.

இதற்குப் பிறகு உடனே மென்பொருளுக்குத் தாவாமல், சிப் தன் அடையாளத்தைச் சொல்கிறதா என்று முதலில் பார்ப்பதே நல்லது. பலகையில் என்னென்ன இணைந்திருக்கின்றன என்று லினக்ஸுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் ‘ஜெடெக், எஸ்பிஐ-நார்’ என்ற வகைப் பெயருடன் ஒரு கணுவைச் சேர்த்து, வேகத்தைத் தொடக்கத்தில் 10 மெகாஹெர்ட்ஸுக்குள் வைத்தால் போதும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் சிப்பிடம் மூன்று பைட் அடையாளத்தைக் கேட்கும். இந்தச் சிப்புக்கு வர வேண்டிய பதில் இஎஃப், 40, 18. முதலாவது வின்பாண்டைக் குறிக்கும். பதினாறின் அடிமான எண்ணான அந்தக் கடைசி 18 நம் கணக்கில் 24, இரண்டின் 24ஆம் அடுக்கு 16 எம்பி. மூன்றும் எஃப்எஃப் என்று வந்தால் சிப் பதில் சொல்லவே இல்லை: மின்சாரம், தேர்வுக் கம்பி, ஏழாவது கால் ஆகியவற்றைப் பாருங்கள். மூன்றும் சுழியம் என்றால் பதில் வரும் கம்பி பெரும்பாலும் எங்கோ தாழ்நிலையில் சிக்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்கள் வந்தால் கம்பி நீளம், அல்லது வேகம் அதிகம்.

பூட் ஆவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலகையிலுள்ள ஹெச்3 சிப், கார்டு இல்லாதபோது எஸ்பிஐயில் யூ-பூட் என்ற பூட் மென்பொருளைத் தேடும். அதுவும் காலி என்றால் ஃபெல் எனும் மீட்பு நிலையில் யூஎஸ்பி வழியே காத்திருக்கும், அந்த வழியிலேயே சிப்பில் எழுதிவிடலாம்.

பதிவுகளை வைப்பதில்தான் உண்மையான யோசனை தேவைப்பட்டது. ஃப்ளாஷில் எழுதுவது என்றால் 1ஐ 0 ஆக்குவது மட்டுமே. திரும்ப 1 ஆக்க 4 கேபி கொண்ட ஒரு செக்டரையாவது முழுதாக அழிக்க வேண்டும், அதற்குச் சராசரியாக 45 மில்லி விநாடி ஆகும். ஃப்ளாஷுக்கான கோப்பு முறைமைகளில் ஒன்றான யூபிஐஎஃப்எஸ் இவ்வளவு சிறிய அழிப்புக் கட்டத்தை ஏற்காது. எங்கள் பதிவுகளுக்குக் கோப்பு முறைமையே வேண்டியிருக்கவில்லை. முதல் 8 எம்பியில் யூ-பூட், கெர்னல், படிக்க மட்டுமான ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு முறைமை. பின் 8 எம்பி முழுவதும் வட்டமாகச் சுழலும் பதிவேடு. ஒரு பதிவுக்கு 16 பைட், நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 23,040 பைட்; 8 எம்பி 364 நாள் தாங்கும். ஒரு செக்டர் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் அழிக்கப்படுகிறது, அது தாங்கக்கூடியதோ 1,00,000 முறை. ஒவ்வொரு பதிவின் கடைசி இரண்டு பைட்டும் சிஆர்சி, அதாவது பதிவு கெட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அந்த ஒரு நிமிடம் மட்டும் தள்ளுபடி. அடுத்த செக்டரை முன்கூட்டியே அழித்துவைக்கிறோம். அழிக்கும்போதே மின்சாரம் போயிருக்கலாம் என்பதால் துவங்கும்போது அதை மறுபடி ஒருமுறை அழிக்கிறோம்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் முதல் 8 எம்பியை ‘ஃப்ளாஷ்_லாக்’ கட்டளையால் பூட்டினோம். பதிவெழுதும் நிரல் தவறான முகவரியில் எழுத முயன்றாலும் யூ-பூட்டையும் கெர்னலையும் சிப் விட்டுக்கொடுக்காது. மென்பொருளைப் புதுப்பிக்கும் நாளில் மட்டும் பூட்டைத் திறக்கிறோம்.