டெல்டாவில் இழுவை குறையும் டீசல் கார்

காவிரி டெல்டாவில் மலை இல்லை. ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ரயில்வே மேம்பாலங்களைத் தவிர அதிகமில்லை. ஆகவே கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டீசல் காரின் இழுவை சிறுகச் சிறுகக் குறைந்தாலும் ஓட்டுபவருக்கு அது நெடுநாள் தெரிவதில்லை. வழக்கமாக நான்காம் கியரில் ஏறும் மேம்பாலத்தில் வண்டி மூன்றாம் கியரைக் கேட்கும்போதுதான் சந்தேகம் வருகிறது. அப்போதும் பட்டறையில் “பிக்கப் இல்லை” என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு, புதிய கிளட்ச் போட்ட பின்னும் குறை தீராமல் தவித்தவர்களை நான் அறிவேன்.

பட்டறைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆளில்லாத நேர்சாலையில், நான்காம் கியரில், 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் விருட்டென்று எழும்பி, வேகம் அதற்கு ஏற்பக் கூடாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. கருகல் வாடையும் வரலாம். இரண்டு முட்களும் சேர்ந்தே மெதுவாக நகர்ந்தால் என்ஜினுக்குக் காற்றோ டீசலோ போதவில்லை, அல்லது ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நம் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் அறுவடை இயந்திரங்கள் கிளப்பும் தூசியும், சாலையில் காயும் நெல்லின் சுணையும் கலந்த காற்றைத்தான் என்ஜின் இழுக்கிறது. ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைத் தளர்த்தித் திறந்தால் மடிப்புக்கு மடிப்பு வைக்கோல் தூசி அப்பி, தாள் தவிட்டு நிறத்தில் இருக்கும். பெட்டியின் அடியில் பதர்கூடக் கிடக்கும். தூசி மிகுந்த இடங்களில் சீக்கிரமே மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வரும் கையேடே சொல்கிறது. டெல்டாவில் அறுவடை முடிந்ததும் மாற்றிவிடுவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். அடுத்தது டீசல் ஃபில்டர்; ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் அதன் அடியில் தேங்கும் நீரை வடித்துப் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ‘உஸ்’ என்ற சத்தமும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் என்ஜினுக்கு அழுத்தமான காற்றைக் கொண்டுபோகும் டர்போ ஹோஸில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கியர் சரியாக விழாதது வேறு குறை. என்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். அப்போது இலகுவாக விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கிளட்ச் ஆயில் குறைந்திருக்கலாம், அதன் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். நிறுத்திய பின்னும் இறுகியே இருந்தால் கியர் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்ஜின் விளக்கு எரிந்து, குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி எழும்ப மறுத்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறியீடு அதோடு அழிந்துபோகக்கூடும். முதலில் ஸ்கேனரை மாட்டி, அந்தக் குறியீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.