அப்பத்தாவின் தாலாட்டுக்காக ஒரு சத்தமில்லாத கம்ப்யூட்டர்

அப்பத்தாவுக்கு இப்போது குரல் மெலிந்துவிட்டது. அவர் பாடும் தாலாட்டைப் பதிவு செய்ய மைக்கின் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றினால், கம்ப்யூட்டர் இரைச்சலும் கூடவே ஏறுகிறது. மென்பொருளால் இரைச்சலை வடிகட்டலாம். ஆனால் 'ஆராரோ' முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடமும் அதோடு தேய்ந்துபோகிறது. தாலாட்டுக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது. அதனால் சத்தத்தைப் பிறக்கிற இடத்திலேயே அடக்குவது என்று இறங்கினேன்.

முதலில் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. அதே 120 ஹெர்ட்ஸில் ஒரு முனகல். பழைய தேக்கு மேசை அதை வாங்கிப் பெரிதாக்கியது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போட்டதும் அது அடியோடு போயிற்று.

பிராசசர் ரைசன் 5 5600ஜி. கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருப்பதால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், அதனால் ஒரு ஃபேன் மிச்சம். சூடு குறையட்டும் என்று, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் அதன் மின்சக்தி வரம்பை 65 வாட்டிலிருந்து 45 ஆகக் குறைத்தேன். ஒரு குரலும் ஒரு தம்புராவும் பதிய, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்கு அது தாராளம்.

ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். பெரிய ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிப் பரப்பும் உலோகத் தகடுகள்), மெதுவான ஃபேன் என்பதுதான் சூத்திரம். இரண்டும் சேர்ந்த நாக்டுவா என்எச்-யு12எஸ் கூலரை வாங்கினேன். உயரம் 158 மில்லிமீட்டர். கேபினெட்டை அளந்துவிட்டு வாங்குங்கள். ஃபேனே இல்லாத கம்ப்யூட்டர் காரைக்குடிக்கு ஒத்துவராது என்பது என் முடிவு. சித்திரை வெயிலில், பதிவுக்காக ஏசியையும் நிறுத்திய அறையில், சூடு வெளியேற ஏதாவது வழி வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை ஃபேன் கர்வ், அதாவது எந்தச் சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று வைப்பது. ஒரே சீராக ஓடும் சத்தம் காதுக்குப் பழகிவிடும். ஏறி இறங்கும் சத்தம்தான் பாட்டைக் கெடுக்கும். பிராசசர் சூடு 70 டிகிரி வரை நிமிடத்துக்கு 600 சுற்றிலேயே நிற்கும்படி வைத்தேன், அதற்கு மேல்தான் மெல்ல ஏறும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்ட அப்பத்தா, "அந்த வண்டுச் சத்தம் நின்னுருச்சேப்பா" என்றார்.

முன்பக்கத்து ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அதனால் கேபினெட்டை அந்தப் பக்கமே தள்ளி வைத்திருக்கிறேன். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள எங்கள் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் அவ்வளவு குறையவில்லை, எல்லாம் எதிரொலித்துத் திரும்பி வருகிறது. அடுத்து ஜமுக்காளம் விரித்து, மைக்கைச் சுற்றிப் பஞ்சு மெத்தைகளை நிறுத்திப் பார்க்கப் போகிறேன்.